பினாங்கு வார்னிஷ்

ஒரு பெண்ணுக்குத் தொழுநோய் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருடைய விரல்களை வெளுக்கவைத்தது எது என்பதும் தெரியும். அதைக் காய்ச்சி, புட்டியில் ஊற்றி, அவர் முன்னால் வைத்தவனே நான்தான். ஊர்ப் பெரியவர் என் கடைக்கு வந்து, "நீங்க படிச்சவுக, இது என்னன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டபோது, "எனக்கென்ன தெரியும், டாக்டர்கிட்டதான் காட்டணும்" என்று சொன்னேன்.

இதை இத்தனை காலம் மறைத்துவைத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கரையில் அப்போது இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் பிள்ளைகளுக்குத் தெரியாது. என் மனைவிக்கு, இருந்தவரையில், பாதிதான் தெரியும். எழுதினால்தான் முழுவதும் வெளியே வரும் என்று தோன்றியது.

நான் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எங்களுக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லையும் ஒரு முந்திரித் தோப்பும் இருந்தன. புதுக்கோட்டையில் தங்கி இன்டர்மீடியட் படித்தேன், ரசாயனம் எடுத்து. அதற்குமேல் படிக்கவைக்க அப்பாவுக்கு மனமில்லை. என் தாய்மாமா மீமிசலில் வலைச்சாமான் கடை வைத்திருந்தார். அவர் மூச்சிரைப்பில் படுத்துவிட்டதும் கடையைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்து மூன்று வயது.

கடையில் பருத்தி நூலும் தூண்டில் முள்ளும் ஈயமும் கயிறும் குங்கிலியமும் விற்றோம். தை, மாசியில் காற்று மாறியதும் பாய் வைத்த வள்ளங்கள் ஆழத்துக்குப் போகும். ஓடுகிற வள்ளத்துக்குப் பின்னால் நீளக் கயிற்றில் இறகு முள்ளை இழுத்துக்கொண்டு போவார்கள். அது இரை கோக்காத தூண்டில். முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றிச் சிறிய தலை செய்து, அதற்குப் பின்னால் கொக்கிறகையோ வெள்ளாட்டு முடியையோ வைத்து நூலால் இறுகச் சுற்றியிருக்கும். தண்ணீருக்குள் இழுபடும்போது சின்ன மீன் நீந்துவதுபோல் இறகு விரிந்து சுருங்கும். வஞ்சிரமும் பாரையும் அதை நம்பிக் கடிக்கும்.

கட்டுவது பெரிய வேலையில்லை. கட்டு நிற்பதுதான் பெரிய வேலை. பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் ஊறித் தளர்ந்துவிடும். வஞ்சிரத்தின் பல் பட்டு ஒரு சுற்று அறுந்தால் முப்பது சுற்றும் பிரிந்து இறகு கடலோடு போகும். இழுத்துப் பார்த்தால் மொட்டை ஈயம்தான் இருக்கும். ஆகவே நூலின்மேல் எதையாவது பூசி, சுற்றுகளெல்லாம் ஒரே கட்டியாக இறுகும்படி செய்யவேண்டும். பூசுவது நூலுக்குள் ஊறவேண்டும். ஆனால் இறகுக்குள் ஏறிவிடக் கூடாது. ஏறினால் இறகு நனைந்த துடைப்பம்போல ஒட்டிக்கொண்டு அசையாது. கெட்டிப்படவேண்டும், நொறுங்கக் கூடாது. இப்படி ஒரு பொருளைத் தேடுவதில்தான் நான் படித்த ரசாயனமெல்லாம் செலவாயிற்று.

கருவேலம் பிசினில் தொடங்கினேன். காய்ந்ததும் அழகாக மின்னியது. ஒரு குவளை கடல் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தேன், பிசின் போன இடம் தெரியவில்லை. ஆசாரிகள் மரம் ஒட்டும் வஜ்ரத்தைக் காய்ச்சிப் பூசினேன். அது ஊறிப் பருத்து நாற்றமெடுத்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் அதை முகர்ந்துபார்த்து, "மீனு வருதோ இல்லையோ தம்பி, நாய் வரும்" என்றார். வலைக்குத் தோய்க்கும் பனிச்சங்காய்ச் சாறு நூலை விறைப்பாக்கியது, ஒட்டவைக்கவில்லை. வள்ளத்தின் பலகை இடுக்கில் அடைக்கிற குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசினேன். தண்ணீருக்கு நின்றது. முதல் கடியில் முட்டையோடுபோல உடைந்து உதிர்ந்தது. கடைசியில் அரக்கு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு சொட்டு வைத்தால் நூலுக்குள் தானாக இறங்கி, கால்மணி நேரத்தில் உலர்ந்துவிடும். ஈரக்காற்றில் மேலே வெள்ளை பூத்தாலும் கட்டு நின்றது. ஆனால் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு இருந்த காலம் அது. ஸ்பிரிட்டுக்குப் பெர்மிட் வேண்டும். வார்னிஷ் என்று வாங்கிக் குடித்துவிடுகிறார்கள் என்று கடலோரக் கடைக்காரர்களுக்குத் தர மறுத்தார்கள்.

அப்போதுதான் எங்கள் ஊர் முந்திரித்தோட்டு எண்ணெய் ஞாபகத்துக்கு வந்தது. அடியில் துளைபோட்ட பானையில் கொட்டையை வறுக்கும்போது தோட்டிலிருந்து கறுப்பாக வடியும். தோலில் பட்டால் புண்ணாகும் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். வறுக்கிற, உடைக்கிற பெண்கள் கை நிறைய ஆமணக்கெண்ணெயும் சாம்பலும் அப்பிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஊருக்குப் போனபோது ஒரு டின் கேட்டேன். அம்மா மூடியைத் துணி வைத்து இறுக்கிக் கொடுத்தார்.

"ஏப்பா, அங்கிட்டுச் சனத்துக்கு இதோட கொணம் தெரியாது. தொடுறவுகளுக்குச் சொல்லிக் குடுத்திரு."

"சரி ஆத்தா" என்றேன்.

நாட்டுமருந்துக் கடையில், எண்ணெயை உலரவைக்கும் ஈயப்பொடியான மிருதார்சிங்கி வாங்கிப் போட்டு, நுரை அடங்கும்வரை காய்ச்சி, டர்பன்டைன் ஊற்றி இளக்கினேன். பூசி மூன்று நாள் நிழலில் வைத்தால் இறுகியது. வெயிலில் வைத்தால் மேல்தோல் சுருங்கிவிடும். இறுகிய கட்டைக் கல்லில் வைத்துத் தேய்த்தேன், கத்தியால் கீறினேன், ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் போட்டேன். ஒரு சுற்றுக்கூடப் பிரியவில்லை. அன்று நான் அடைந்த சந்தோஷத்தைப் போலப் பிறகு எதிலும் அடையவில்லை. அதுவும் சேர்ந்துதான் என்னைக் கெடுத்தது.

யாரிடமும் முந்திரி என்று சொல்லவில்லை. எதிரில் இன்னொரு வலைச்சாமான் கடை இருந்தது. சொன்னால் அவர் மறுநாளே கந்தர்வக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிடுவார். அதோடு, எரிக்கக்கூட ஆகாத கழிவெண்ணெய் என்று தெரிந்தால் என் கெட்டிக்காரத்தனத்துக்கு என்ன மரியாதை? பினாங்கிலிருந்து வரும் வார்னிஷ் என்று சொல்லிவைத்தேன். அந்தக் கரையில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் பினாங்கில் இருந்தார்கள். அங்கிருந்து வருவது எதுவானாலும் அது நல்ல சரக்கு.

கடையின் பின்னறையில் நான்கு பெண்கள் முள் கட்டினார்கள். அவர்களில் ஒருவர்தான் நான் சொல்ல வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்றே அழைத்தேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். கணவருக்கு ஒரு வள்ளத்தில் பங்கு இருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் குழந்தை இல்லை. மாமியார் அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். கணவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று அக்கா சொல்வார். அந்த வீட்டில் அவருக்கு இருந்த பிடிமானம் அது ஒன்றுதான்.

வாய் நீளம் அவருக்கு. முதல் நாள் புட்டியைப் பார்த்ததும், "பினாங்குல எந்தத் தெருவுல செய்யுறாக தம்பி? எங்க அண்ணன் அங்கதான் இருக்கு, எழுதிக் கேட்டுப்புடுவேன்" என்றார்.

"அது பெரிய கம்பெனிக்கா. தெருவுல எல்லாம் இல்லை."

"தெருவுல இல்லாம கடலுக்குள்ளயா இருக்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். "மீனையே ஏமாத்துறவுக, நம்மளை ஏமாத்த மாட்டாகளாக்கும்" என்றாள் இன்னொருத்தி. நானும் சிரித்தேன்.

பூசுவதில் ஒரு சங்கடம் இருந்தது. பிரஷ்ஷில் தொட்டுப் பூசினால் இறகுக்குள் ஓடியது. குச்சியால் வைத்தால் திட்டுத்திட்டாக நின்றது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, மற்றக் கையால் முள்ளை உருட்டிக்கொண்டே நூல்மேல் அழுத்தித் தேய்த்து, மிச்சத்தைக் கட்டைவிரலால் வழித்தெடுத்தால்தான் சரியாக வந்தது. ஆமணக்கெண்ணெய் தடவிய கையால் அதைச் செய்ய முடியாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட நூலில் எதுவும் ஒட்டாது. ஆகவே வெறும் விரல்தான். நான் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, முழங்கைவரை எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு காய்ச்சுவேன். கழுவித் துடைத்துவிட்டு, புட்டியை உள்ளே கொண்டுபோய் வைப்பேன்.

நான்கு பேரிலும் அக்காவின் விரல் ஒன்றுக்குத்தான் அந்தப் பதம் வந்தது. மற்ற மூவரும் சுற்றிக் கட்டுவார்கள். பூசுவது அவர் மட்டும். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் அனுப்பி எங்கள் முள்ளைக் கேட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அக்கா விரலை ஊதிக்கொண்டே வேலைசெய்தார்.

"கை எரியுது தம்பி. இந்தப் பினாங்கு மொளகாயில செய்ததா?"

"புது வார்னிஷ்ல, அப்படித்தான் இருக்கும். தேங்காண்ணெய் தடவுங்க, பழகிப்போகும்."

அம்மாவிடம் 'சரி ஆத்தா' என்றது அந்த நேரத்தில் நினைவில் இருந்ததா என்று பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்தது. பருவம் முடிய ஆறு வாரம்தான், அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைத்தேன்.

கொப்புளம் வந்தது. உடைந்தது. தோல் கறுத்து, பாம்புச்சட்டைபோல உரிந்தது. பருவம் முடிந்து வேலை நின்றபிறகு புண் ஆறிவிட்டது. ஆனால் ஆறிய இடத்தில் நிறம் திரும்பவில்லை. இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் கணுவரை வெள்ளையாகிவிட்டன. உள்ளங்கையில் திட்டுகள். முகத்தில் கைபட்ட இடமோ என்னவோ, தாடையில் ஒரு தழும்பு.

அந்தக் காலத்தில் வெளுத்த விரல் என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கரையில் மீன் பங்குபிரிக்கும்போது பக்கத்துப் பெண்கள் தங்கள் கூடையை ஓரடி தள்ளி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் இன்னும் ஓரடி. அக்கா தொட்ட மீனை ஏலத்தில் கேட்க ஆள் இல்லை. கணவரின் கூட்டாளிகள், அவர் பங்கு மீனைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாமியார் முதன்முதலாக அந்தச் சொல்லைச் சொன்னார். பெருவியாதி.

அந்த ஊர்ப் பெரியவரை அம்பலம் என்று அழைப்பார்கள். அவர் அக்காவின் கணவரையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். அக்கா வாசலுக்கு வெளியே, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த வார்னிசைத் தொட்டதுக்கப்புறந்தான் இப்படி. அதைக் கேளுங்க" என்றார் வெளியிலிருந்தே.

அம்பலம் என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவுக. இது என்னன்னு நீங்களே சொல்லுங்க. வார்னிசால வருமா?"

எதிர்க்கடைக்காரர் சுண்ணாம்பு கேட்க வந்தவர்போல என் படியில் நின்றுகொண்டிருந்தார். புட்டி எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

"மத்த மூணு பேரும் அதே அறையிலதான் வேலைசெஞ்சாங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்றேன். அது பொய்யில்லை, பொய்யைவிட மோசம். மூவரும் பூசுவதில்லை என்பது அம்பலத்துக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவர் பேச வாயெடுப்பதற்குள், "எனக்கென்ன தெரியும், டாக்டர்கிட்டதான் காட்டணும்" என்று முடித்துவிட்டேன்.

என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. டாக்டர் பார்த்தால் தொழுநோய் இல்லை என்று சொல்லிவிடுவார், அக்கா தப்பித்துவிடுவார், என் எண்ணெயும் தப்பித்துவிடும். ஒருவருக்கும் கெடுதல் இல்லாத வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நோய்க்கென்றே இருந்த ஆஸ்பத்திரி ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போகவேண்டிய தூரத்தில் இருந்தது. இரண்டு பேரும் போய், மூன்றாம் நாள் திரும்பினார்கள். இறகால் தடவியும் ஊசியால் குத்தியும் பார்த்தார்களாம். எல்லா இடத்திலும் உணர்ச்சி இருந்ததாம். இங்கிலீஷில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். அம்பலத்தின் வீட்டு முற்றத்தில் அதைப் படிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். "தொழுநோய்க்கான அறிகுறி ஏதும் இல்லை" என்று சத்தமாகப் படித்தேன். எனக்கே மூச்சு வந்தது.

அம்பலம் சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மேல அச்சடிச்சிருக்கே, அது என்ன?"

ஆஸ்பத்திரியின் பெயர். அதில் நோயின் பெயரும் இருந்தது. படித்தேன். அக்காவின் மாமியார் சொன்னார்:

"ஒண்ணுமில்லாதவளுக்கு எதுக்குக் குட்டாஸ்பத்திரியில சீட்டுக் குடுக்குறாக?"

அதுவரை சந்தேகம்தான் இருந்தது. அந்த வாசலுக்குள் போய்விட்டு வந்தவர் என்றானதும் நோய்தான் என்று உறுதியாகிவிட்டது. அந்த வாசலைக் காட்டியவன் நான்.

அக்காவைக் கோட்டைப்பட்டினத்தில் இருந்த தம்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பி, வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குடிசை ஒன்று போட்டு அதில் வைத்தார். ஆவணியில் கணவருக்கு வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். பத்திரிகை கொண்டுவந்த அன்று அவர் என் கடையில் தலைகுனிந்தபடி நின்றார். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலைன்னா ஒண்ணும் தெரியாமலே இருந்திருப்போம் தம்பி" என்று நன்றி சொன்னார். கல்யாணத்துக்குப் போனேன். சாப்பிட்டேன்.

மனசாட்சி உறுத்தி நான் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. அடுத்த தை வந்ததும், சுற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியைப் பூசப் பழக்கினேன். முன்பு என்னைக் கேலி செய்தாளே, அவள். மூன்று வாரத்தில் அவள் கல்லாவுக்கு நேரே வந்து நின்று, இரண்டு கையையும் பலகைமேல் விரித்து வைத்தாள். விரல் நுனிகள் கொப்புளித்திருந்தன.

"எனக்கும் வந்திருச்சுன்னு சொல்லுவீகளா? எனக்கு மூணு பிள்ளை இருக்கு. சொல்லுங்க, இது என்ன எண்ணெய்?"

அவள் கேட்டிருக்காவிட்டால் இன்னும் எத்தனை பருவம் ஓட்டியிருப்பேன் என்று தெரியவில்லை. "முந்திரித்தோடு" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அப்ப அந்த அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலையே இருவரும் அம்பலத்திடம் போனோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இவளுக்கும் அங்கேயிருந்து ஒட்டியிருக்கும்னு ஊரு சொல்லும். ஒரே அறை, ஒரே பாய். நீங்க சொல்றதை எப்படி நம்புறது?" என்றார். நம்பவைக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. மறுநாள் காலையில் ஊர் கூடியபோது, இளக்காத எண்ணெயைக் கொண்டுபோய், எல்லோர் கண்முன்னும் என் இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் அகலத்துக்குத் தடவினேன். அம்பலம் அதன்மேல் துணி சுற்றி முடிச்சுப் போட்டார். இரண்டாம் நாள் அவிழ்த்தார்கள். கை முழுக்கக் கொப்புளம். அது உடைந்து, கறுத்து, உரிந்து, வெளுத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அம்பலத்திடம் போய்க் காட்டினேன். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. என் பிள்ளைகளிடம் வெந்நீர் பட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

ஊர் நம்பியது. என்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அக்காவின் கணவர் ஒருநாள் கடைக்கு வந்தார். அடிக்கத்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "ரெண்டாவதாக் கட்டுனவ உண்டாயிருக்கா தம்பி. நான் இப்ப என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

புட்டிகளைக் கடலில் கொட்டினேன். ஆனால் வள்ளக்காரர்கள் அந்த முள்ளையேதான் கேட்டார்கள். எதிர்க்கடைக்காரர் நான் நினைத்தபடியே கந்தர்வக்கோட்டைக்குப் போய் டின் கொண்டுவந்தார். காய்ந்த ஆட்டுக்குடலை நறுக்கி விரலுக்கு உறைபோல மாட்டிக்கொண்டு பூசவைத்தார். உறை மெல்லியது, பதம் கெடவில்லை, விரலும் கெடவில்லை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் எட்டாவதுகூடப் படிக்காதவர்.

அம்பலத்தையும், கணவரையும், பூசிய அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கோட்டைப்பட்டினம் போனேன். அக்கா குடிசை வாசலில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, அவர் காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எந்திரிங்க. அன்னைக்கு வாசல்ல நின்னு, நீங்க வாயைத் தொறப்பீகளான்னே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "தொறந்தீக."

அம்பலம் கணவரைப் பார்க்க, கணவர், "வீட்டுக்கு வா" என்றார். அக்கா வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு மூட்டையோடு பஸ் ஏறினார்.

அந்த வீட்டில் அவருக்குச் சுவரோடு ஒட்டிச் சாய்ப்பு இறக்கிய ஓர் அறை கிடைத்தது. மூத்தவள் என்ற பெயரும் கிடைத்தது. நோய் இல்லை என்று ஊருக்கே தெரியும். குழந்தை பிறந்ததும் தொட்டிலுக்கு நூல் பின்னிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் குழந்தையை அவர் கையில் கொடுக்கவில்லை. அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் அந்தத் தெருவில் ஒருவரும் வாங்கிக் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் காரணம் சொல்லத் தெரியாது. "என்னமோ ஒரு இது" என்பார்கள். தெரிவதும் தொடுவதும் வேறு வேறு என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

நான் குடித்துக் காட்டினால் மற்றவர்களும் குடிப்பார்கள் என்று நினைத்தேன். வாரத்துக்கு ஒருமுறை, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவர் சாய்ப்பு வாசலில் போய் நின்று, "அக்கா, தண்ணி குடுங்க" என்பேன். அவர் ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுப்பார். எல்லோரும் பார்க்க அண்ணாந்து குடிப்பேன். சிலர் நின்று பார்த்தார்கள். ஒருவரும் வாசல் ஏறவில்லை. அப்படி நான்கைந்து மாதம் போனேன்.

ஒருநாள் அவர் செம்பைக் கொண்டுவரவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னார்:

"தம்பி, இனிமே தண்ணிக்கு வராதீங்க."

"ஏன்க்கா?"

"நீங்க குடிச்சிட்டுப் போனதும் உள்ள இருக்கிற எளையவ செம்பை எடுத்துத் தீயில வாட்டுறா. ஒங்களுக்காக இல்ல, நான் தொட்டதுக்காக. நீங்க வராத நாள்ல நான் என் செம்பை எடுக்குறதும் வைக்குறதும் அவ கண்ணுல படுறதில்ல. நீங்க வந்தாத்தான் தெருவே பாக்குது, அவளுக்கும் ஞாபகம் வந்திருது." அடங்கிய குரலில், "இருக்கிறது ஒரு செம்பு. ஓட்டையாயிருச்சுன்னா வேற குடுக்க மாட்டாக" என்றார்.

சரிக்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் போகவில்லை.